நளினிக்கு ஆகாத ஊசி

தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்காகக் கட்டிய ஊரிகம் லைன் வீடுகளில் யாருக்கு எது ஆகாது என்பது எல்லோருக்கும் தெரியும். முதல் வீட்டு மனோகருக்குக் கத்தரிக்காய் ஆகாது. தின்றால் முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டு நிற்பான். கடைசி வீட்டு லதாவுக்கு மாமியார் ஆகாது. நடு வீட்டு நளினிக்குப் பென்சிலின் ஆகாது. முதல் இரண்டும் அவ்வப்போது மாறும். மனோகர் ஆசைப்பட்டுக் கத்தரிக்காய் வறுவல் தின்பதும் உண்டு, லதாவும் மாமியாரும் ஒன்றாகப் புடவைக் கடைக்குப் போய்வருவதும் உண்டு. நளினியின் பென்சிலின் மட்டும் மாறவே மாறாது. அவள் ஒண்ணாங்கிளாஸ் படிக்கையில் சுரங்கத்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, உடம்பெல்லாம் வீங்கி, மூச்சடைத்து, செத்துப் பிழைத்தாள் என்பது அந்த லைன் முழுக்கத் தெரிந்த கதை.

பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜியைக் கையில் எடுப்பதற்கு முன்பே அவளுடைய அம்மா ரத்தினம்மா சொல்லிவிட்டாள்: "பொண்ணுக்குப் பாடத் தெரியாது, ஆடத் தெரியாது. பென்சிலின் ஆவாது. அப்பால கொற சொல்லக் கூடாது." மாப்பிள்ளை ராஜேந்திரன் பென்சிலினை ஏதோ பலகாரம் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினான்.

அந்த ராஜேந்திரனின் கிட்னி ஒன்றுதான் இப்போது நளினியின் வயிற்றுக்குள் இருக்கிறது. அவளுடைய சொந்தக் கிட்னிகள் இரண்டும் போன பிறகு, பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்து அவனிடமிருந்து ஒன்றை எடுத்து இவளுக்கு வைத்தார்கள். அன்றைக்கு மறுநாளிலிருந்தே ராஜேந்திரன் அதைத் தன் பைக்கை இரவல் கொடுத்த மாதிரி பேச ஆரம்பித்தான். "என் வண்டிய ஓட்டிக்கினு கீற. பாத்து ஓட்டு" என்பான். அவள் அதிகம் உப்புப் போட்டுச் சாப்பிட்டால், "இன்னா, மண்ணெண்ண ஊத்தறியா?" என்பான். நளினி பதிலுக்கு, "உங்க வண்டிதானே? ஏறும்போதும் தொந்தரவு, எறங்கும்போதும் தொந்தரவு" என்பாள்.

சிரிப்பெல்லாம் இருந்தாலும் வீட்டில் எச்சரிக்கை அதிகம். வந்த கிட்னியை வேற்றாள் என்று உடம்பு விரட்டிவிடாமல் இருக்க, உடம்பின் காவலையே குறைத்து வைக்கிற மாத்திரைகளை அவள் தினமும் விழுங்க வேண்டும். காவல் குறைந்த வீட்டுக்குள் யார் வேண்டுமானாலும் நுழையலாம் இல்லையா? அதனால் தண்ணீர் கொதிக்க வைத்துத்தான் குடிப்பது, ஓட்டல் சட்னி கூடாது, இருமுகிறவர்கள் வாசலோடு சரி. ஆடி மாதம் வந்தால் இன்னும் மோசம். பழைய சுரங்கக் கழிவு மண்மேட்டிலிருந்து காற்று வெள்ளைத் தூசியை வாரிக்கொண்டு வந்து தகரக் கூரை இடுக்கு வழியாகக் கொட்டும். ராஜேந்திரன் இடுக்கெல்லாம் பழைய வேட்டியைக் கிழித்து அடைத்திருந்தான். நளினி மாஸ்க் போட்டுக்கொண்டு தையல் மெஷினில் உட்கார்ந்து, காலை ரயில் வண்டிக்குப் பெங்களூர் போகிற பெண்கள் கொடுத்துவிட்டுப் போகும் ஜாக்கெட்டுகளை மாலை வண்டிக்குள் தைத்து முடிப்பாள். கைக் குழி சுருங்காமல் அவள் வைக்கும் தையலுக்கு ரயில் போய் நிற்கிற மாரிகுப்பம் வரை பேர்.

அந்த ஆடியில்தான் காய்ச்சல் மறுபடியும் வந்தது. அந்த வருஷத்தில் அதற்கு முன்பும் வந்து போன காய்ச்சல்தான். குளிர் நடுங்கும், இடுப்புக்குக் கீழே வலிக்கும், மாத்திரை போட்டால் பதுங்கும், நிறுத்தினால் எழும்பும். ராஜேந்திரன் அவள் நெற்றியில் கை வைத்து, "இப்ப எத்தினியாவது லெவல்ல கீது?" என்று கேட்பான். அவன் மாமனார் முனிரத்தினம் சுரங்கத்துக்குள் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை பார்த்தவர். லெவல் என்கிற சுரங்க ஆழக் கணக்கு, கேஜ் என்கிற இறங்கு கூண்டு, ஷிப்டு எல்லாம் அந்த வீட்டில் சாம்பாருக்கும் காய்ச்சலுக்கும் கூடப் பயன்படுகிற வார்த்தைகள். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் வார்த்தைகள் வீட்டிலேயே தங்கிவிட்டன.

பெங்களூர் டாக்டர் பூர்ணிமா இளம் வயதுக்காரர். கன்னடம் கலந்த தமிழில் நிதானமாகப் பேசுவார். பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நோடி நளினியவரே, கிருமி கிட்னிக்குள்ளயே உக்காந்திருக்கு. இதுக்கு ரொம்ப நல்ல மருந்து பென்சிலின் குடும்பத்துல இருக்கு. உங்களுக்கு அது ஆகாதுன்றீங்க. இன்னொரு மருந்து இருக்கு. அது கிருமியக் கொல்லும், ஆனா கிட்னியவும் அடிக்கும். உங்க கிட்னி ஏற்கனவே கொஞ்சம் சோர்ந்து போயிருக்கு."

"எவ்ளோ அடிக்கும், டாக்டர்?" என்று ராஜேந்திரன் கேட்டான். அப்போது அவன் வண்டி என்று சொல்லவில்லை.

"சொல்ல முடியாது. போனாலும் போகலாம். சின்ன வயசுல ஆகாதுன்னு சொல்லப்பட்டவங்கள்ல பல பேருக்கு இப்ப குடுத்துப் பாத்தா ஒண்ணும் ஆகாது. ஆனா உங்க கதை மூச்சு அடைச்ச கதை, அதான் எனக்கு பயம். தோல்ல ஊசி குத்தி டெஸ்ட் பண்ணலாம். நீங்க சாப்பிடற மாத்திரையால அது சரியா காட்டாமலும் போகலாம். அதனால அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு எனக்கு முழுசா தெரியணும். பாத்தவங்க யாராவது இருக்காங்களா?"

"எங்கம்மா கீறாங்க. அவங்கதான் தூக்கிக்கினு போனாங்க."

"அவங்ககிட்ட எல்லாம் கேட்டுட்டு வந்து அட்மிட் ஆகுங்க. தள்ளிப் போடாதீங்க."

மறுநாள் காலை காற்று பேயாக அடித்துக்கொண்டிருந்தது. ராஜேந்திரன் லீவு சொல்வதற்காக ஒரு எட்டு வேலைக்குப் போயிருந்தான். ரத்தினம்மா தரையில் முறத்தை வைத்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். மத்தியானத்துக்குக் கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும். நளினி மெஷினில் உட்கார்ந்து ஒரு பச்சை ஜாக்கெட்டுக்கு ஓரம் அடித்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"எம்மா, டாக்டரம்மா வெவரமா கேட்டுக்கினு வரச் சொன்னாங்க. மொதல்ல எங்க வீங்குச்சி?"

"இன்னாடி புதுசா? ஒதடு வீங்குச்சி, கண்ணு வீங்குச்சி, மூச்சு முட்டுச்சி, பொழச்சிக்கின. ஆச்சி."

வழக்கமாகச் சொல்லும் கதை அவ்வளவுதான். ஊரில் யார் கேட்டாலும் அதே நாலு சொல், அதே வரிசை. நளினி விடவில்லை.

"ஊசி போட்டு எவ்ளோ நேரத்துல?"

"நா இன்னா கடியாரம் கட்டிக்கினா போனேன்? ஊசி போட்ட நர்சம்மா பஞ்ச எடுக்கல, அதுக்குள்ள தடிப்பு தடிப்பா எழும்புச்சி."

"ஊசி எதுக்குப் போட்டாங்க?"

"தொண்ட. தொண்டைக்குள்ள சீழு வெச்சி, தண்ணி கூட எறங்கல. ஒடம்பு அடுப்பு மாரி கொதிக்குது. டாக்டரு பாத்தவொடனே, ஊசிய போடுன்னாரு." பேசப் பேச ரத்தினம்மாவுக்கு ஆவேசம் வந்துவிட்டது. கதை சொல்வதில் அவள் ஒரு கெட்டிக்காரி. கேட்க ஆள் கிடைத்தால் நிறுத்தத் தெரியாது. கையில் இருந்த கீரைக் காம்பையே ஊசியாகப் பிடித்துக்கொண்டாள். "சரக்குனு குத்துனாங்க. தடிப்பு எழும்புச்சி. அப்பால பாத்தா கண்ணு ரெண்டும் மூடிக்கிச்சி, ஒதடு பணியாரம் மாரி உப்பிக்கிச்சி. கழுத்த எக்கி எக்கி 'டாடி, டாடி'ன்னு கத்துது. எனக்கு ஈரக்கொலயே அறுந்து போச்சி."

மெஷின் நின்றது.

"யாரு கத்துனது?"

"நீதான்."

"டாடின்னா?"

ரத்தினம்மாவின் கையிலிருந்த காம்பு அந்தரத்தில் நின்றது.

வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஊரிகத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். ஒரே தகரக் கூரை, ஒரே குழாய், ஒரு வீட்டுக் குழம்பு வாசனை நாலு வீட்டுக்கு. ஆனால் அப்பனைக் கூப்பிடுவதில் மட்டும் கலப்படம் கிடையாது. சர்ச்சுக்குப் போகிற வீட்டில் டாடி, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற வீட்டில் நைனா. நளினி முனிரத்தினத்தை ஆயுசுக்கும் நைனா என்றுதான் கூப்பிட்டாள். அவர் உயிர் போன அன்றும் அப்படித்தான் கூப்பிட்டு அழுதாள்.

"ஜொரத்துல ஒளறி இருப்ப" என்றாள் ரத்தினம்மா.

"ஜொரத்துல அப்பனையா மாத்துவாங்க?"

"ஐயோ, களி அடி பிடிக்குது!" என்று ரத்தினம்மா எழுந்து உள்ளே ஓடினாள். நளினி எட்டிப் பார்த்தாள். அடுப்பே பற்ற வைத்திருக்கவில்லை.

மத்தியானம் களி உருண்டையைத் தட்டில் வைத்துக்கொண்டு மறுபடி கேட்டாள். ரத்தினம்மா தலைவலி என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நேற்றிலிருந்தே அம்மா சரியாகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நளினிக்கு உறைத்தது. களி என்றால் இரண்டு உருண்டை குறையாமல் உள்ளே தள்ளுகிறவள். அம்மா எதற்கோ பயப்படுகிறாள் என்று தெரிந்தது. எதற்கு என்றுதான் தெரியவில்லை. காய்ச்சலோடு அதையும் யோசித்து நளினிக்கு இடுப்பு வலியும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. என் கிட்னி போகப்போகிறது, இந்தம்மா கதவை மூடிக்கொள்கிறாளே என்று ஆத்திரமாக இருந்தது.

சாயங்கால வண்டி வந்ததும் பக்கத்து வீட்டு ஈவ்லின் நேராக இங்கேதான் வந்தாள். நளினிக்கும் அவளுக்கும் ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம். சின்ன வயதில் ஒரு சுவரின் இரண்டு பக்கமும் தட்டித் தட்டிப் பேசினவர்கள். பெங்களூரில் ஆபீஸ் வேலை, வாரத்துக்கு ஆறு நாள் ரயில். அப்பா ஏனோக்கும் அம்மா வின்னியும் காலமான பிறகும் கணவன் மேக்ஸ்வெல்லோடு அந்த வீட்டிலேயே இருக்கிறாள். இன்றைக்குக் கன்னம் ஒரு பக்கம் உப்பி, கர்சீப்பைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"இன்னாடி இது, வாய்க்குள்ள லட்டா?" என்றாள் நளினி.

"பல்லுடி. வேரு வரிக்கும் பூட்சாம். டாக்டரு மாத்திர குடுத்து, வீக்கம் எறங்கின அப்பறம் வான்னு சொல்லிட்டாரு. வெறும் வயித்துல போடக் கூடாதாம், ட்ரெயின்ல ரெண்டு பிஸ்கட்ட ஊற வெச்சித் தின்னேன். கொஞ்சம் தண்ணி குடு, முழுங்கிட்டு வூட்டுக்குப் போறேன்."

நளினி வாசலோரம் இருந்த சொம்பை நீட்டிவிட்டு, மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தாள். ஆஸ்பத்திரியே கதியாகக் கிடந்ததில் மருந்துப் பேர் படிப்பது அவளுக்குப் பொழுதுபோக்கு.

"அமாக்ஸிசிலின். அட, இது நம்ம பென்சிலினோட பங்காளி. எனக்கு மோந்து பாத்தாலே ஆவாது."

"எனக்குக் கல்லத் தின்னாலும் ஆவும்" என்று ஈவ்லின் ஒரு கேப்சூலைப் பிதுக்கி, வாயைக் கஷ்டப்பட்டுத் திறந்து, உள்ளே போட்டுக்கொண்டாள்.

சமையலறையிலிருந்து ரத்தினம்மா வந்த வேகத்தை நளினி இதற்கு முன் பார்த்ததில்லை. முழங்கால் வலிக்குத் தைலம் போட்டுக்கொள்கிறவள், முறத்தைத் தாண்டிக் குதித்தாள். ஈவ்லின் கையிலிருந்த சொம்பைத் தட்டிவிட்டாள். தண்ணீர் பச்சை ஜாக்கெட் மேல் கொட்டியது. அப்படியே ஈவ்லினின் தாடையைப் பிடித்து வாய்க்குள் விரலை விட்டாள்.

"துப்புடி! முழுங்கிட்டியா? துப்பு!"

விரல் நேராக அந்தப் பல்லில் போய் இடித்தது. ஈவ்லின் போட்ட கூச்சலில் முதல் வீட்டு மனோகர் வாசலுக்கு வந்துவிட்டான். கேப்சூல் வெளியே விழுந்து மெஷினுக்கு அடியில் உருண்டது.

"ஆன்ட்டி! இன்னா ஆச்சி உங்களுக்கு?"

"உனக்கு ஆவாதுடி" என்றாள் ரத்தினம்மா. மூச்சு வாங்கியது. "உனக்குத்தான் ஆவாது. அவளுக்கு இல்ல."

இருவரும் அவளையே பார்த்தார்கள். ரத்தினம்மா முதலில் மனோகரை, "ஒண்ணும் இல்லப்பா, பல்லு வலி" என்று அனுப்பினாள். பிறகு கதவைச் சாத்தினாள், ஜன்னலைச் சாத்தினாள், இடுக்கில் அடைத்த வேட்டித் துணியைக்கூட ஒருமுறை அழுத்திவிட்டாள்.

"மெதுவா பேசுங்க. கம்பெனிக்காரன் காதுல வுழப்போவுது."

"எந்தக் கம்பெனிம்மா?" என்றாள் நளினி. "சொரங்கத்த மூடி எத்தினி வருஷம் ஆவுது! கேஜு துருப்பிடிச்சி நிக்குது. வாச்மேன் கூட மத்தியானம் வூட்டுக்குப் பூட்றாரு. யாரு காதும்மா?"

"உனக்கு இன்னா தெரியும்? இந்த வூடு இன்னும் நம்ம பேருக்கு எழுதல. இப்ப தர்றேன், அப்ப தர்றேன்னு சொல்லிக்கினே கீறாங்க. ஆஸ்பத்திரில பொய் சொன்ன குடும்பம்னு எவனாச்சும் போட்டுக் குடுத்தா? எழுந்து போங்கன்னா எங்க போறது?"

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. அந்தக் காலத்தில் ஏனோக் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள். கம்பெனி ஆஸ்பத்திரி பர்மனென்ட் ஆட்களின் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு மட்டும்தான். ஈவ்லினுக்குத் தொண்டை அடைத்துக் காய்ச்சல் கொதித்த அன்று வின்னி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று அழுதாள்.

"உன் நைனா பஸ்ட்டு ஷிப்டுக்கு எறங்கிட்டாரு. கேக்க ஆளு இல்ல. குடுடி புள்ளயன்னு வாங்கிக்கினு போய்ட்டேன். பேரு இன்னான்னு கேட்டாங்க. நளினி, முனிரத்தினம் பொண்ணுன்னேன். நீ இங்க வின்னி மடில உக்காந்து பன்னு தின்னுக்கினு இருந்த."

நளினியும் ஈவ்லினும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வீங்குனதும் எத்தினி டாக்டரு ஓடி வந்தாங்க தெரியுமா! வேற ஊசி போட்டு, மூக்குல கொழாய வெச்சி, எப்படியோ கொண்டாந்துட்டாங்க. அப்பால அந்தப் பெரிய டாக்டரு என் கையப் புடிச்சிக்கினு சொன்னாரு: 'அம்மா, இந்தப் பொண்ணுக்கு ஜென்மத்துக்கும் இது ஆகாது. எங்க போனாலும் மொதல்ல இதச் சொல்லணும்.' சொன்னேனே! எங்க போனாலும் சொன்னேனே! பொண்ணுதான் மாறிப் போச்சி."

"அப்பால எனக்கு ஜொரம் வந்தப்பவாச்சும் சொல்லக் கூடாதா?"

"அதே ஆஸ்பத்திரி, அதே நர்சு. 'இது வீங்குன பொண்ணு இல்ல?'ன்னு அவங்களே கேட்டாங்க. இல்லன்னு எப்படி சொல்றது? ஆமான்னேன். அப்பறம் சொல்லிச் சொல்லி எனக்கே பாதி நெசமாயிடுச்சி, நளினி. சத்தியமா சொல்றேன். உன்னப் பாத்தா அந்த வீங்குன மூஞ்சிதான் ஞாபகம் வரும்."

"என் கிட்னி போயிடும்னு டாக்டர் சொன்னாங்கம்மா! நேத்து வந்து சொன்னேன் இல்ல? அப்பகூட வாயத் தொறக்கல நீ." நளினிக்குக் குரல் உடைந்தது.

ரத்தினம்மா தரையில் கொட்டிய தண்ணீரைப் புடவைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டே பேசினாள். "சொல்லிடலாம், சொல்லிடலாம்னுதான் நேத்துலருந்து உருண்டுக்கினு கீறேன். சொன்னா வூடு பூடுமோன்னு ஒரு பக்கம். சொல்லலன்னா நீ..." தலைப்பை முறுக்கிப் பிழிந்தாள். "நா பெரிய முட்டாளு. அடிக்கணும்னா அடிச்சிக்கோ."

ஈவ்லின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திடீரென்று, "அதனாலதானா!" என்றாள். "எங்க மம்மி ஊசின்னு சொன்னாலே எழுந்து ஓடுவாங்க. ஜொரம் வந்தாலும் சக்கர உருண்ட, ஜலதோஷம் வந்தாலும் சக்கர உருண்ட. ஹோமியோபதி டாக்டர்தான் எனக்கு கொலதெய்வம். கேட்டா, 'உனக்கு அதான் ராசி'ன்னு சொல்லிடுவாங்க. ஒரு வார்த்த சொல்லலியே!"

"எனக்கு சத்தியம் பண்ணிக் குடுத்தா அவ. பெத்த பொண்ணுகிட்ட கூட சொல்ல மாட்டேன்னு. வாக்கக் காப்பாத்திட்டா, மகராசி."

ஈவ்லின் கர்சீப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு, "என்னிய உங்க பொண்ணுன்னு சொன்னீங்களா, ஆன்ட்டி?" என்றாள்.

"பின்ன? வழில போறவன் பொண்ணுன்னு சொன்னா உள்ள வுடுவானா?"

ஈவ்லின் அழுதாள், வலியால் பாதி, மற்றதால் பாதி. ரத்தினம்மாவும் அழுதாள். இரண்டு பேரையும் பார்த்து நளினிக்குக் கோபத்தைப் பிடித்து வைக்கத் தெரியவில்லை. அவள் சிரித்துவிட்டாள். "நல்லா கீது போங்க. இவ வீங்குனா, நா பேர் வாங்கிக்கினேன். ஜாக்கெட்டுக்காரி வந்து கேட்டா இன்னா சொல்றது? பாரு, முழுக்கத் தண்ணி."

ராஜேந்திரன் வந்து விஷயத்தைக் கேட்டபோது முதலில் நம்பவில்லை. இரண்டாம் முறை சொல்லக் கேட்டு, பாயில் சரிந்து உட்கார்ந்து சிரித்தான். "அத்த, பொண்ணு பாக்க வந்தப்ப நீங்க சொன்ன ஒரு பெரிய கொற அதான். அதுவும் பொய்யா? அப்ப நா கொறயே இல்லாத பொண்ணையா கட்டிக்கினு கீறேன்? இத்தினி வருஷம் தெரியாம போச்சே." அப்புறம் முகம் மாறி, மனைவியின் நெற்றியில் கை வைத்தான். லெவல் கேட்கவில்லை. காலை முதல் வண்டிக்கு மூன்று பேருக்கும் துணி எடுத்து வைத்தான்.

டாக்டர் பூர்ணிமாவின் அறைக்குள் ரத்தினம்மா கஞ்சி போட்ட புடவையில் நுழைந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கையைக் கூப்பினாள்.

"மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. நீங்க கவர்மென்ட்டா, கம்பெனியா?"

"நான் டாக்டர் அம்மா."

"என் வூட்டுக்காரர் மேல தப்பு இல்ல. அவரு அன்னிக்கி அண்டர்கிரவுண்டுல இருந்தாரு. அத மொதல்ல எழுதிக்குங்க."

டாக்டர் பேனாவை மூடி ஓரமாக வைத்துவிட்டார். "எழுதல. சொல்லுங்க."

ரத்தினம்மா சொன்னாள். இந்த முறை நடிப்பு இல்லை. கேட்டு முடித்த டாக்டர், "ஹௌதா?" என்று கன்னடத்தில் வியந்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்புறம் சட்டென்று நிமிர்ந்தார். "உங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு எங்க?"

"வேலைக்குப் போய் கீறா. பல்லு டாக்டருக்குப் போன் போட்டு வேற மாத்திர மாத்திக்கினா" என்றாள் நளினி.

"நல்லது. அவங்க அந்த மருந்து பக்கமே போகக் கூடாது. ஒருநாள் இங்க வரச் சொல்லுங்க, முறையா டெஸ்ட் பண்ணிடலாம். உங்களுக்கு இன்னைக்கே பாக்கலாம். அம்மா சொல்றது நிஜம்னுதான் எனக்குத் தோணுது. ஆனா ரொம்ப வருஷத்து ஞாபகம் இல்லையா? அதனால துளிதான் குடுப்போம். பக்கத்துலயே நாங்க இருப்போம். ஒண்ணும் ஆகலைன்னா கொஞ்சம் கூட்டுவோம்."

கட்டிலில் படுக்க வைத்தார்கள். கைக்கு எட்டும் இடத்தில் ஒரு தட்டில், ஏதாவது ஆனால் போட வேண்டிய ஊசிகளை நர்ஸ் வரிசையாக வைத்தாள். அதைப் பார்த்ததும் நளினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். துளி மருந்து உள்ளே போனது. ரத்தினம்மா முக்காலியை இழுத்துப் போட்டு, மகளின் உதட்டுக்கு நேராகக் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணைச் சிமிட்டினாளோ என்னவோ.

கொஞ்ச நேரத்தில் நளினிக்குக் கழுத்தில் அரித்தது.

ஆகாது, ஆகாது என்று நினைவு தெரிந்த நாளாகக் கேட்டு வளர்ந்த உடம்பு அது. அம்மா சொன்னது பொய் என்று புத்திக்குத் தெரிந்தாலும் தோலுக்கு யார் சொல்வது? தொண்டை வறண்டது. உதடு கனப்பது போல் இருந்தது. அம்மாவுக்குக் கேட்காமல் கணவனிடம் மெல்லக் கேட்டாள்:

"ஏங்க, ஒதடு பெருசா கீதா?"

ராஜேந்திரன் குனிந்து உற்றுப் பார்த்தான். "எப்பவும் கீற சைசுதான். பேசற அளவுக்கு கீது."

"கழுத்து அரிக்குதுங்க."

அவன் முகம் வெளுத்தது. "சிஸ்டர்!" என்று அவன் போட்ட சத்தத்தில் நர்ஸும் டாக்டரும் ஒன்றாக ஓடி வந்தார்கள். ரத்தினம்மா எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். டாக்டர் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார், நாக்கை நீட்டச் சொன்னார். அப்புறம் கழுத்தின் பின்னால் விரலை விட்டு எதையோ இழுத்தார். ஒரு பச்சை நூல். ஜாக்கெட் தைத்த நூல், மாஸ்க் கயிற்றோடு சுற்றிக்கொண்டு வந்திருந்தது.

"இதுதான் உங்களுக்கு அலர்ஜி போல" என்றார் டாக்டர்.

அடுத்தது கொஞ்சம் கூடுதல். அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் முழு அளவு. ரத்தினம்மா மகளின் உதட்டையே பார்த்தாள், காதைப் பார்த்தாள், விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தாள். ஒரு தடிப்பு இல்லை. மத்தியானச் சாப்பாட்டு வண்டி வார்டுக்குள் வந்தபோது நளினி, "எம்மா, பசிக்குது" என்றாள். அதைக் கேட்டதும் ரத்தினம்மா முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். இத்தனை வருஷமாக மகளுக்கு வந்த ஒவ்வொரு காய்ச்சலுக்கும் சேர்த்து அழுகிற மாதிரி அழுதாள். நர்ஸ் பயந்து, "என்னாச்சும்மா?" என்று கேட்டாள். "ஒண்ணும் ஆகல, அதான்" என்றான் ராஜேந்திரன்.

மருந்து நரம்பில் ஏற ஆரம்பித்தது. சில நாளில் காய்ச்சல் இறங்கி, இறங்கினது மேலே வரவேயில்லை. ஒரு சாயங்காலம் டாக்டர் பூர்ணிமா வந்து, கிட்னி தேறுகிறது, பழைய நிலைக்கு வந்துகொண்டிருக்கிறது, இனி பயமில்லை என்றார். ராஜேந்திரன் கையெடுத்துக் கும்பிட்டான். வராந்தாவுக்குப் போய், கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தான். நளினி உடனே ஈவ்லினுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, டிரிப் ஏறாத கையில் பிடித்துக்கொண்டாள். ஈவ்லின் ரயிலில் இருந்தாள். சக்கரச் சத்தமும் வேர்க்கடலை விற்கிறவன் குரலும் கூடவே வந்தன.

"கிட்னி பொழச்சிக்கிச்சிடி. இனிமே பயம் இல்லன்னு சொல்லிட்டாங்க."

"தேங்க் காட்! ஒரு வாட்டி கூட வீங்கலயா?"

"ஒரு கொசுக்கடி அளவு கூட இல்ல."

ஈவ்லின் குரல் தாழ்ந்தது. "அப்ப அது நெசமாவே என்னுதுதான்" என்றாள். "இத்தினி வருஷம் என்னுத நீ சொமந்துக்கினு இருந்திருக்கியேடி, நளினி."

நளினிக்குக் கிண்டலாக ஏதாவது சொல்லத் தோன்றியது. அதற்குப் பதில் போனை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில் ஷிப்டு மாறி, ஒரு புது நர்ஸ் கட்டிலருகே வந்தாள். "அக்கா, உங்களுக்கு எந்த மருந்தாவது ஆகாதா?" என்று வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

நளினியின் வாய் தானாகத் திறந்தது. "பெ..." என்று பாதியில் நின்றது. முக்காலியில் இருந்த ரத்தினம்மாவும் வாயைத் திறந்து மூடிக்கொண்டாள். நளினி ஒரு தரம் எச்சிலை விழுங்கினாள்.

"இல்ல சிஸ்டர்" என்றாள். "எனக்கு எல்லாம் ஆவும்."

போனுக்குள்ளிருந்து ஈவ்லின், ரயில் சத்தத்துக்கு மேலே, தொண்டை கிழியக் கத்தினாள். "சிஸ்டர், அது நானு! எனக்குத்தான் பென்சிலின் ஆவாது! ஈவ்லின்! ஈவ்லினுக்கு ஆவாது!"

நர்ஸ் போனையும் நளினியையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பக்கம் ரயில் பெட்டியில் ஒரு பெண் குரல், "ஏம்மா, இங்க உனக்கு யாரு ஊசி போட வந்தாங்க?" என்று கேட்டது. பெட்டியே சிரித்தது. நளினி சிரித்த சிரிப்பில் கட்டில் ஆட, நர்ஸ் டிரிப் ஏறுகிற கையைப் பிடித்துக்கொண்டு, என்னவென்று புரியாமலே தானும் சிரித்தாள்.